நகராண்மை வக்கீலும் நம்மவரும்

பால்மரத் தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற் குடிபுகும் தமிழன் ஒருவனுக்கு அரசாங்கம் என்பது முதன்முதலில் எவ்வுருவில் வந்து காட்சியளிக்கிறது? மந்திரியின் உருவிலா? இல்லை. சட்டசபை அங்கத்தினரின் உருவிலா? அதுவும் இல்லை. ஒட்டுக்கடையின் பலகையிலோ, புறம்போக்கு வீட்டின் கதவிலோ ஒட்டப்படும் ஒரு துண்டுத் தாளின் உருவிலேயே அது வருகின்றது. இத்தனை நாட்களுக்குள் அகற்றவேண்டும், தவறினால் வழக்குத் தொடரப்படும் என்பதே அத்தாளின் சாரம். அதைக் கொண்டுவந்து ஒட்டும் சிப்பந்தியை நம்மவர் அறிவர். அவனைக் கெஞ்சுவதும் உண்டு, ஏசுவதும் உண்டு. ஆனால் அத்தாளுக்குப் பின்னே ஒரு மேசையில் அமர்ந்திருக்கும் ஒருவரை நம்மவருட் பலர் அறியார். அவரே நகராண்மைக் கழகத்தின் சட்ட அதிகாரி. அவரது உத்தியோகத்தின் வரலாற்றையும் தன்மையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வுத்தியோகம் இரண்டு வேலைகளை உடையது. ஒன்று, கழகத்திற்குச் சட்ட ஆலோசனை கூறுதல். உபசட்டங்களை எழுதுதல், ஒப்பந்தங்களைச் சரிபார்த்தல், கழகத்தின் மீது பிறர் தொடரும் வழக்குகளுக்கு எதிர்வாதம் ஆயத்தஞ் செய்தல் ஆகிய யாவும் இதன்பாற்படும். மற்றொன்று, சட்டத்தை மீறினோர் மீது மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் வழக்கு நடத்துதல். உரிமமின்றிக் கடை வைத்தவர், சாக்கடையில் எண்ணெய் ஊற்றியவர், அனுமதியின்றி வீட்டை நீட்டிக் கட்டியவர் முதலியோர் அங்கே நிறுத்தப்படுவர். முன்னது எஜமானனுக்குப் புத்தி சொல்லும் வேலை. பின்னது ஏழைக்குத் தண்டனை கேட்கும் வேலை. இவ்விரண்டும் ஒரே அலுவலகத்திற் கூடி நிற்பதால் விளையும் நன்மை தீமைகளே நாம் கவனிக்கவேண்டியவை.

சிலாங்கூரின் பழங்கதையைச் சிறிது பார்ப்போம். 1875ஆம் ஆண்டில் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த டேவிட்சன் என்பார் சிங்கப்பூரில் வக்கீல் தொழில் நடத்தியவர். அவரோடு உடன்வந்தவர் அவருடைய வக்கீல் அலுவலகத்தில் எழுத்தராயிருந்த கா. தம்புசாமிப் பிள்ளை. அவரே பின்னர்க் கோலாலம்பூரிற் பெருஞ்செல்வராகவும் தமிழர் தலைவராகவும் விளங்கியவர். ஆங்கிலச் சட்டம் கிள்ளான் ஆற்றங்கரையில் வந்திறங்கியபோதே ஒரு வக்கீலும் ஒரு தமிழ் எழுத்தரும் கூடவே வந்திறங்கினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1880இல் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறிற்று. அடுத்த ஆண்டிலேயே தீயும் வெள்ளமும் அவ்வூரை அழித்தன. அத்தாப்பு வேய்ந்த மர வீடுகள் நெருப்புக்கு இரையாயின. அதன்பின் ரெசிடெண்டாக வந்த சுவெட்டன்ஹாம், கட்டிடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமையவேண்டுமென விதித்தார். அதற்காகச் செங்கற் சூளைகள் எழுந்த இடமே இன்று நம்மவர் மிகுதியாக வாழும் பிரிக்பீல்ட்ஸ். அதன் பெயரே செங்கற்களம் என்று பொருள்படுவதைக் காண்க. ஒரு கட்டிட விதியே ஒரு பேட்டைக்குப் பெயர் தந்தது. 1890இல் கோலாலம்பூரிற் சுகாதார போர்டு ஏற்பட்டது. சாக்கடை, குப்பை, விளக்கு, சந்தை, கட்டிடம் யாவும் அதன் கைக்குள் வந்தன.

அந்தப் போர்டுக்குச் சாக்கடை தோண்டியவர் யார்? தெருக் கூட்டியவர் யார்? பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரே. ஆனால் போர்டில் வீற்றிருந்தோரோ அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டவர்கள். துப்புரவாக்கிய கைக்கு வாக்குச் சீட்டு இல்லை. தோட்டத்தின் நிலைமை இதனினும் கொடிது. ஒப்பந்தக் கூலி முறை நடந்தவரையில் தோட்டத்தை விட்டு ஓடுவதே குற்றமாயிருந்தது; முறையிடுபவர் தோட்டத்துத் துரை; குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் கூலி. இந்தியக் கூலிகளுக்கு அம்முறை 1910இல் ஒழிந்தது. எனினும் கோர்ட்டு என்றால் நாம் குற்றஞ் சாட்டப்படும் இடம் என்னும் அச்சம் நம்மவர் நெஞ்சில் தலைமுறை தலைமுறையாக ஊறிவிட்டது. இன்றும் நோட்டீசைக் கண்டவுடன் அதைப் படியாமலே அஞ்சும் வழக்கம் அங்கிருந்து வந்ததே.

நிற்க, நகர விதிகள் யாவும் கொடுமையே என்று நாம் சொல்லவில்லை. தீயும் பேதியும் ஏழையின் வீட்டிலேயே முதலில் நுழைகின்றன. ஓட்டுக் கூரையும் ஓடும் சாக்கடையும் செல்வர்க்கு அழகு. ஏழைக்கோ அவை உயிர். ஆனால் நல்ல விதியும் நடத்துவோர் கையில் நஞ்சாகலாம். இதற்கு உலக வரலாற்றில் ஒரு சிறந்த சான்று உண்டு. கோலாலம்பூர் செங்கல்லால் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தார் 1880இல் ஒரு விதி செய்தனர். மரக் கட்டிடத்தில் சலவைக் கடை நடத்த விரும்புவோர் நகர சபையின் அனுமதி பெறவேண்டும் என்பது அவ்விதி. காரணம் தீப்பயமே, மேலுக்குப் பார்த்தால் நியாயமானதே. ஆனால் நடந்ததென்ன? அனுமதி கேட்ட சீனர் ஏறக்குறைய இருநூறு பேருக்கும் அது மறுக்கப்பட்டது. சீனரல்லாதார் எண்பது பேருள் ஒருவர் நீங்கலாக மற்றெல்லாருக்கும் அது வழங்கப்பட்டது. யிக் வோ என்னும் பெயரில் 22 ஆண்டுகளாகச் சலவைக் கடை நடத்தியவர் அபராதங் கட்ட மறுத்துச் சிறை புகுந்தார். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரையிற் சென்றது. 1886இல் நீதிபதிகள் கூறிய முடிவு யாதெனில், எழுத்தில் நடுநிலையான சட்டமும் நடப்பில் ஓரவஞ்சனையாயின் அது செல்லாது என்பதே. அந்நகரத்துச் சட்ட அதிகாரி தொடக்கத்திலேயே, இவ்வாறு ஓரவஞ்சனை செய்தால் இவ்விதி நில்லாது என்று சபைக்கு எடுத்துரைத்து, சபையும் அதற்குச் செவிசாய்த்திருந்தால், அத்தனை குடும்பங்கள் அல்லற்பட்டிரா.

நமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூரிலும் 1888இல் இத்தகைய ஒரு கலகம் நிகழ்ந்தது. கடைகளுக்கு முன்னுள்ள அஞ்சடி வழியை மறித்து வைத்த சரக்குகளை அகற்ற முனிசிபாலிட்டி முற்பட்டது. கடைகள் அடைக்கப்பட்டன, தெருவிற் கலகம் மூண்டது. நடப்பவனுக்கு வழி வேண்டும், விற்பவனுக்குப் பிழைப்பு வேண்டும், இரண்டும் நியாயமே. இவ்வழக்கு இன்றளவும் ஓயவில்லை. மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டிடச் சட்டத்தின் 46ஆம் பிரிவு பொது இடங்களை மறிப்பதையே குற்றமாக்குகின்றது. பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் ஷா ஆலமிலும் அங்காடிக்காரர் அஞ்சும் பிரிவுகளுள் இதுவும் ஒன்று.

இனி இவ்வதிகாரிக்கு எஜமானர் யார் என்பதைப் பார்ப்போம். கோலாலம்பூர் நகராண்மைக்கு மக்கள் வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தது 1952ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திற்றான். அவ்வுரிமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின்படி அந்நகரின் ஆட்சி அடுத்த ஆண்டில் ஒரு கமிஷனர் கைக்கு மாறிற்று. மற்ற ஊர்களின் தேர்தல்களும் இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில், 1965இல், நிறுத்தப்பட்டன. அவ்வாண்டிலேயே நகர மன்றங்களின் நடைமுறையை ஆராய ஓர் அரச விசாரணைக் கமிஷன் அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் தமிழரும் வழக்கறிஞருமான செனட்டர் ஆதி நாகப்பன். நாடு முழுதுஞ் சுற்றி விசாரித்து, 1968இல் முடித்த அறிக்கையில், நகர மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுதலே தகும் என்று அக்கமிஷன் கூறிற்று. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தல் பற்றிய விதிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அன்று முதல் தீபகற்ப மலேசியாவில் மன்ற உறுப்பினர் நியமிக்கப்படுவோரே.

இதனால் விளைந்தது யாது? வாக்காளருக்கு அஞ்சும் நிலை மன்றத்திற்கு நேர்முகமாக இல்லை. அப்படியாயின் மன்றம் தன் அதிகார எல்லையைத் தாண்டும்போது உள்ளிருந்தே தடுக்கவல்லவர் யார்? சட்டம் அறிந்த ஆலோசகரன்றோ! வெளியே கோர்ட்டு இருக்கிறது, உண்மை. ஆனால் கோர்ட்டு வருமுன் வீடு இடிந்துவிடும். ஆகவே வாக்குச் சீட்டு போன இடத்தில் இவ்வதிகாரியின் மனச்சாட்சி ஒரு காவலாய் நிற்கவேண்டியதாயிற்று. இவ்வளவு பெரிய பொறுப்பு, யாருங் கவனியாத ஒரு மேசையில் வந்து தங்கியிருக்கிறது.

இவ்வதிகாரியின் கையிலுள்ள ஆயுதங்கள் சிறியவையல்ல. 1976ஆம் ஆண்டின் சட்டத்து 119ஆம் பிரிவின்படி, உபசட்டத்தை மீறியவருக்கு 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ, ஓராண்டுக்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்க ஏற்பாடு செய்யலாம். குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 200 வெள்ளி வரையில் ஏறும். 107ஆம் பிரிவோ கொடுத்த உரிமத்தைக் காரணங் காட்டாமலே எப்போது வேண்டுமாயினும் பறிக்க இடந்தருகின்றது. ஒரு பலகாரக் கடைக்காரனுக்கு உரிமமே உயிர்நாடி. அதைக் காரணமின்றி அறுக்கலாமென்று எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இந்த ஆயுதங்களுக்கு உறைகளும் உண்டு. மாநில அரசின் ஒப்புதல் பெற்றுக் கெஜட்டில் வெளியான பின்னரே உபசட்டம் உயிர்பெறும். கூட்டரசு அரசியல் சட்டத்தின் 145ஆம் பிரிவு வழக்குத் தொடரும் அதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவரிடமே ஒப்படைத்திருக்கிறது. அவரே பப்ளிக் பிராசிக்யூட்டர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி, அவரிடம் எழுத்து மூலம் அதிகாரம் பெற்று, அவருடைய கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே நகராண்மை அதிகாரி கோர்ட்டில் வழக்கு நடத்தலாம்.

இதன் உட்பொருளை நன்கு சிந்தியுங்கள். சம்பளம் தருவது நகராண்மை. ஆனால் கோர்ட்டுப் படியேறியவுடன் அவர் நகராண்மையின் கூலியாள் அல்லர், நாட்டின் நீதிக்குப் பணிபுரிபவர். எதிரியைத் தண்டிக்கச் செய்வது அவர் கடமையன்று. உண்மையை மாஜிஸ்திரேட்டின் முன் வைப்பதே அவர் கடமை. நோட்டீசில் தேதி தவறாயின், உபசட்டம் கெஜட்டில் ஏறாதிருப்பின், பக்கத்துக் கடைக்காரனை விட்டுவிட்டு இவனை மட்டும் பிடித்திருப்பின், வழக்கைத் தொடராதீர் என்று தம்முடைய கழகத்திற்கே சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். ஆலோசனையும் வழக்கும் ஓரிடத்திற் கூடியிருப்பதன் நன்மை இதுவே: தவறான நோட்டீசைக் கோர்ட்டுக்குப் போகுமுன்பே கிழித்தெறியலாம். தீமையும் அதுவே: தாம் எழுதிய உபசட்டத்தைத் தாமே நடத்தும்போது அதன் குறை தம் கண்ணுக்குத் தெரியாமற் போகலாம்.

அதிகாரத்திற்கு எல்லை உண்டென்பதை இந்நாட்டு நீதிமன்றமே நிலைநாட்டியிருக்கிறது. கோலாலம்பூரில் ஓட்டல் கட்டுவதற்காக நிலத்தின் உபயோகத்தை மாற்ற விரும்பிய ஸ்ரீ லெம்பா என்னும் கம்பெனியிடம், நிலையான உரிமையை விட்டுக்கொடுத்து 99 ஆண்டுக் குத்தகை பெற்றுக்கொள்ளும்படி அதிகாரிகள் நிபந்தனை விதித்தனர். 1979இல் சட்ட அறிக்கையில் வெளிவந்த அவ்வழக்கின் தீர்ப்பில், எல்லையற்ற அதிகாரம் கொடுங்கோலாகும் என்னும் கருத்தை நீதிபதி ராஜா அஸ்லான் ஷா வற்புறுத்தினார். நிபந்தனை செல்லாதென்று முடிவாயிற்று. ஆனால் அது நிலவுரிமை உள்ளவருக்கு. நிலமில்லாதவர் கதி என்ன? 1982இல், பேராக் அரசாங்கத்தின் மீது புறம்போக்குவாசிகள் தொடர்ந்த வழக்கில், புறம்போக்கில் இருப்போருக்கு உரிமை யாதுமில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் கைவிரித்தது.

கடல் கடந்து பம்பாயைப் பாருங்கள். சேலத்திற் பஞ்சத்தால் வேலையிழந்து 1961இற் பம்பாய் சென்ற தமிழ்க் கூலியாளர் ஒருவர் நடைபாதையோரம் கூடாரமிட்டு வாழ்ந்தார். 1981இல் அதைப் பிரித்தெறிந்து, அவரைக் குடும்பத்தோடு பஸ்ஸிலேற்றிச் சேலத்திற்கு அனுப்பிவிட்டனர். அவர் திரும்பி வந்தார். பத்திரிகையாளர் ஓல்கா தெல்லிஸ் முதலானோர் தொடுத்த வழக்கில் அவரும் ஒரு வாதியானார். நகராண்மைச் சட்டம் முன்னறிவிப்பின்றி அகற்ற இடந்தருகிறது என்பது நகராண்மையின் வாதம். 1985இல் இந்திய உச்ச நீதிமன்றம், பிழைப்புரிமை உயிருரிமையின் பகுதியே என்றும், சாதாரணமாக முன்னறிவிப்புத் தந்தே அகற்றவேண்டும் என்றும் கூறிற்று. எனினும் அகற்றும் உரிமையை அது மறுக்கவில்லை. மழைக்காலம் முடியும் வரை தவணை மட்டும் தந்தது. தத்துவத்தில் வென்று நடைபாதையைத் தோற்றார் அத்தமிழர். ஆனால் அத்தத்துவம் வீண்போகவில்லை. மலேசியாவிலும் 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம், உயிருரிமை என்பதிற் பிழைப்பும் அடங்கும் என்று தீர்ப்பளித்தார்.

இப்போது ஷா ஆலமுக்கு வருவோம். 1974இற் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமான பின் சிலாங்கூருக்குப் புதுத் தலைநகர் வேண்டியிருந்தது. சுங்கை ரெங்கம் முதலிய ரப்பர்த் தோட்டங்கள் இருந்த நிலத்தில் எழுந்த ஷா ஆலம் 1978இல் தலைநகராயிற்று. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மாநகராயிற்று. தோட்டம் அழிந்து பட்டணம் எழுந்தது. லயத்தில் வாழ்ந்தவருட் பலர் அதே நிலத்தின் ஓரத்திற் புறம்போக்குவாசிகளாயினர். நேற்று வரை அவர் பால்வெட்டிய மண்ணில் இன்று அவருக்கு நோட்டீஸ்! 2007 அக்டோபர் 30ஆம் நாள், தீபாவளிக்குச் சில நாட்களே இருக்கையில், பாடாங் ஜாவாவின் கம்போங் ரிம்பா ஜெயாவிலிருந்த மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டதும், அதனால் நாடெங்கும் எழுந்த கொதிப்பும் நம்மவர் மறவாதவை. கோயிலில் நம்பிக்கை உள்ளவராயினும் இல்லாதவராயினும் இதில் ஒன்றை ஒப்பவேண்டும்: நாளும் நேரமும் பாராத அதிகாரம், சட்டப் புத்தகத்தில் இடமிருந்தாலும், மக்கள் மனத்தில் இடம்பெறாது. செய்யலாமா என்ற கேள்விக்கு மட்டுமன்றி, இன்று செய்வது தகுமா என்ற கேள்விக்கும் விடை கூறுபவரே ஆலோசகர் என்னும் பெயருக்கு உரியவர்.

மற்றொரு துயரச் செய்தியுங் கேளுங்கள். 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் மாடிக் கட்டிடங்களுள் ஒன்று சரிந்து 48 உயிர்கள் மாண்டன. மற்ற இரு கட்டிடங்களின் குடியிருப்போர் தொடர்ந்த வழக்கில், அம்பாங் ஜெயா நகராண்மைக்கும் 15 சதவிகிதப் பொறுப்பு உண்டென 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கூறிற்று. 2006இற் கூட்டரசு நீதிமன்றமோ, 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு நகராண்மைக்குப் பாதுகாப்புத் தருகிறதென விடுவித்தது. சட்டப்படி நகராண்மை வென்றது. ஆனால் ஒட்டுக்கடைக்காரன் ஓரடி நீட்டினால் அபராதம். மலைச்சரிவிற் கட்டிய மாடி வீடு சரிந்தால் நகராண்மைக்குப் பொறுப்பில்லை என்றால், சாமானியன் இதனை எவ்வாறு நியாயமென்று கொள்வான்? இத்தகைய வெற்றிகள் நகராண்மையின் பணப்பெட்டியைக் காக்கும். அதன் பெயரைக் காக்கமாட்டா.

அதிகாரிகளை மட்டுங் குறைகூறி முடித்தல் சீர்திருத்தக்காரர்க்கு அழகன்று. நம்மிடத்தும் குற்றமுண்டு. நோட்டீஸ் வந்தால் அதைப் படியாமல், "பேசி முடித்துத் தருகிறேன்" என்னும் தரகனிடம் பணங் கொடுக்கிறோம். கோர்ட்டு நாளில் வராமல் வாரண்டு பெறுகிறோம். உரிமத்தைப் புதுப்பிக்க மறந்து விதியை நோகிறோம். பக்கத்து வீட்டுச் சாக்கடையை அடைத்துவிட்டு நம்மை இனத்தின் பேரால் வதைப்பதாகக் கூவுகிறோம். இவை ஒழியவேண்டும்.

தோழர்களே! நோட்டீஸ் வந்தால் அஞ்சாதீர். முதலிற் படியுங்கள், படிக்கத் தெரியாவிடில் பள்ளியிற் படிக்கும் பிள்ளையிடங் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். கம்பவுண்டு அபராதங் கட்டினால் இரசீது வாங்குங்கள். குற்றமில்லையென்று எண்ணினால் கோர்ட்டுக்குச் சென்று அதைச் சொல்லுங்கள். சொல்ல உமக்கு உரிமையுண்டு. நகராண்மையின் முடிவையே எதிர்ப்பதாயின், முடிவு தெரிந்த மூன்று மாதத்திற்குள் உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கவேண்டும். தாமதித்தால் நியாயமிருந்தும் வாசல் அடைபடும். சட்டம் கற்கும் நம் இளைஞர்க்கும் ஒரு வார்த்தை: பெருங் கம்பெனிகளுக்காக வாதாடுவதே புகழென்று எண்ணற்க. நகராண்மைச் சட்ட அலுவலகத்து மேசைக்கும் செல்லுங்கள். தம்புசாமிப் பிள்ளை வக்கீலின் எழுத்தராக இம்மண்ணில் இறங்கினார். ஆதி நாகப்பன் கமிஷன் தலைவராக நாட்டுக்கு வழி சொன்னார். அவர்கள் வழிவந்தவர் அந்த மேசையில் அமர்ந்து, தவறான நோட்டீஸ் ஒன்று கையெழுத்துக்கு வரும்போது, "இது செல்லாது, திருப்பி அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுதினாற் போதும். அவ்வொரு வரியால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையாமல் எரியும்.